இன்சுலின் பம்ப் செட்டை இடம் மாற்றிப் போடுவது: பல்லாங்குழிக் கணக்கில் ஒரு வழிகாட்டி

இன்சுலின் பம்ப் போட்டிருக்கும் யாரிடமாவது "செட் எங்கே போடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். (செட் என்பது பம்பிலிருந்து இன்சுலினைக் கொண்டுவரும் ட்யூப்பும், அதன் நுனியில் தோலுக்குள் நிற்கும் கேனுலா என்ற மெல்லிய குழாயும்.) பதில் வருவதற்கு முன்னால் கை தானாக வயிற்றில் ஓர் இடத்துக்குப் போகும். எனக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. தொப்புளுக்கு இடப்பக்கம், நான்கு விரல் தள்ளி. வலது கையால் குத்தச் சுலபம், கண்ணாடி வேண்டாம், வலியும் இல்லை. இரண்டு வருடம் அங்கேயே சுற்றிச் சுற்றிப் போட்டேன். இடம் மாற்றுவதாகத்தான் நினைப்பு. மாற்றியதென்னவோ ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடைதான்.

அப்புறம் சுகர் பைத்தியம் பிடித்தாற்போல் ஆடத் தொடங்கியது. அதே மூன்று இட்லி, அதே போலஸ் (சாப்பாட்டுக்கென்று ஒரே தடவையாகக் கொடுக்கும் இன்சுலின்). ஒரு நாள் 140, மறுநாள் 290. மருந்தைக் குறை சொன்னேன், பம்பைக் குறை சொன்னேன், சட்னியில் தேங்காயை அள்ளிப் போடுவதாக அம்மாவிடமும் சண்டை போட்டேன். கடைசியில் ஒரு நர்ஸ் அக்கா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "இங்க தொட்டுப் பாரும்மா." தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு மேடு. "வலிக்கவே இல்லைன்னு சொன்னியே, இதனாலதான்."

இன்சுலினுக்குச் சர்க்கரையைக் குறைப்பது மட்டும் வேலை இல்லை. கொழுப்புச் செல்களை வளர்க்கவும் செய்யும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் அங்குள்ள கொழுப்பு தடித்து மேடாகிறது. லிப்போஹைப்பர்ட்ரோபி என்பது டாக்டர்கள் சொல்லும் பெயர். வலி குறைந்த இடம் என்று நாம் தேடித் தேடிப் போடுகிறோம். வலி குறைந்ததற்குக் காரணமே இந்த மேடுதான். அதற்குள் போகும் இன்சுலின் ஒழுங்காக ரத்தத்துக்கு வருவதில்லை. சில நேரம் தேங்கி நிற்கும், சில நேரம் எதிர்பாராமல் மொத்தமாக வந்து சேரும். ஊசி போடுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஆனால் பம்ப்காரர்களுக்கு ஆபத்து கூடுதல். நம் உடம்பில் நாள் முழுக்க வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலின் கிடையாது. பேசல் (நாள் முழுக்கச் சிறுகச் சிறுக ஓடும் இன்சுலின்), போலஸ் எல்லாமே அந்த ஒரு துளை வழியாகத்தான் வர வேண்டும்.

இனி சொல்லப்போவது எல்லாம் நடைமுறை. உங்கள் பம்ப், செட் இரண்டின் கையேட்டிலும் வேறு அளவு சொல்லியிருந்தால் கையேட்டையே கேளுங்கள். டோஸ் விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதல் வேலை: சோப்புக் கையோடு தடவிப் பார்ப்பது

மேடு கண்ணுக்குத் தெரியாமலேயே இருக்கலாம். கைக்குத் தெரியும். குளிக்கும்போது சோப்பு நுரை இருக்கும் கையால் விரல்களைத் தட்டையாக வைத்து, இதுவரை செட் போடாத ஓரத்திலிருந்து வழக்கமாகப் போடும் இடத்தை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். சாதாரண இடம் பஞ்சு போல் அமுங்கும். மேடு இருக்கும் இடத்தில் விரல் தட்டும். ஆறிப்போன கொழுக்கட்டையைத் துணிக்கு மேலே தொடுவது போல இருக்கும். சந்தேகம் வந்தால் கிள்ளிப் பாருங்கள். நல்ல தோல் இரண்டு விரலுக்கு நடுவில் மெல்லிசாக மடியும். மேட்டைக் கிள்ளினால் விரல்கள் சேராது.

ஓரம் தெரிந்ததும் துடைத்துவிட்டு, பேனாவால் சுற்றி ஒரு கோடு போட்டுப் போனில் படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட இதுதான் உதவும். மாதம் ஒரு முறை நீங்களே தடவிப் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் பார்க்கச் சொல்லுங்கள், கேட்டால்தான் பலர் பார்க்கிறார்கள். மேட்டுக்குப் பதிலாகத் தோல் குழி விழுந்திருந்தாலும் அங்கே போடக் கூடாது. இப்போதைய இன்சுலின்களில் அது அபூர்வம்.

கண்டுபிடித்த மேட்டுக்கு முழு ஓய்வு. அது கரைய மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். "ஓரத்தில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறேன்" என்பதெல்லாம் கூடாது.

மேட்டை விட்டு வெளியே வரும் முதல் வாரம்

இதை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். நர்ஸ் அக்கா காட்டிய அன்றே வீட்டுக்கு வந்து வலப்பக்கம், இதுவரை தொடாத தோலில் செட்டைப் போட்டேன். அதே பேசல், இரவுச் சாப்பாட்டுக்கு அதே போலஸ். இரண்டரை மணிக்கு விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. மீட்டரில் 54.

காரணம் எளிது. மேட்டுக்குள் ஒரு பகுதி வீணாகும் என்ற கணக்கில் மாதக்கணக்காக டோஸ் ஏறிப் போயிருந்தது. புதிய இடத்தில் அத்தனையும் வேலை செய்துவிட்டது. நல்ல இடத்துக்கு மாறும்போது மொத்த இன்சுலினில் 20 சதவீதம்வரை, சிலருக்கு அதற்கு மேலும் குறைக்க வேண்டிவரும். உங்களுக்கு எவ்வளவு என்று மாறுவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் இரவு இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை சுகர் பாருங்கள். தோலில் ஒட்டிச் சுகரை அளந்துகொண்டே இருக்கும் சென்சார் இருந்தால் லோ அலாரம் (சுகர் மிகவும் இறங்கினால் ஒலிப்பது) கட்டாயம் போட்டிருக்கட்டும். கட்டில் பக்கத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை அளவு. கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

சென்சாரோடு சேர்ந்து தானே டோஸை மாற்றிக்கொள்ளும் பம்ப் வைத்திருப்பவர்களும் இதைத் தாண்டிப் போக வேண்டாம். சுகர் ஏறுவது மட்டும்தான் அந்த பம்புக்குத் தெரியும். ஏன் ஏறுகிறது என்று தெரியாது. மேட்டுக்குள் மேலும் மேலும் இன்சுலினைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மேடு வளர்வதை அது நம்மிடமிருந்து மறைத்தும் விடுகிறது.

பதினான்கு குழி

"மாற்றி மாற்றிப் போடுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால் தொப்புளைக் கடிகாரமாக நினைத்து மணிக்கு மணி நகரச் சொல்வார்கள், அல்லது வளைந்து வளைந்து போகும் கோடு ஒன்றைப் படத்தில் காட்டுவார்கள். இரண்டும் தவறில்லை. ஆனால் மூன்று நாள் கழித்து, ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், போன தடவை நாலு மணியா ஐந்து மணியா என்று ஞாபகம் வராது. கை பழைய இடத்துக்கே போய்விடும்.

எனக்குக் கைகொடுத்தது பாட்டியின் பல்லாங்குழிப் பலகை. ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு. எந்தக் குழியில் போடுவது என்று ஆடுகிறவர் யோசிப்பதே இல்லை. வரிசையில் அடுத்த குழி எதுவோ அதில் காய் விழும். செட்டுக்கும் அதுதான் வேண்டும். உடம்பின் வலப்பக்கம் ஏழு இடம், இடப்பக்கம் ஏழு. ஒரு செட் மூன்று நாள் என்றால் 14 இடம் சுற்றி வர 42 நாள். அதாவது ஒரு துளைக்கு மறுபடி முறை வர ஆறு வாரம். நான்கு வார ஓய்வாவது வேண்டும் என்பது பொதுவான அறிவுரை, இதில் அதற்கு மேலேயே கிடைத்துவிடுகிறது.

என் பலகை இப்படி. வயிற்றில் ஒரு பக்கத்துக்கு நான்கு: தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஆரம்பித்து, ஒன்றுக்கொன்று 3 செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி விட்டு, ஒரு சதுரத்தின் நான்கு மூலை. பிறகு புட்டத்தின் மேல்வெளிப் பகுதியில் இரண்டு, உட்காரும்போது அழுந்தாத உயரத்தில். கடைசியாகத் தொடையின் வெளிப்பக்கம், மேல்பாதியில் ஒன்று. மொத்தம் ஏழு. மறுபக்கமும் இதே.

வரிசை வலம், இடம், வலம், இடம் என்று மாறி மாறிப் போகும். முதலில் வயிற்றின் எட்டு இடமும் முடியும், 24 நாள். அடுத்த 18 நாள் வயிறு முழுக்க விடுமுறை. புட்டமும் தொடையும் வேலை பார்க்கும். மேல்கையின் பின்பக்கமும் செட்டுக்கு ஏற்ற இடம்தான். என் சென்சார் அங்கே இருப்பதால் பலகையில் சேர்க்கவில்லை. சென்சாருக்கும் செட்டுக்கும் நடுவில் மூன்று விரல் தூரமாவது இருக்கட்டும்.

வீட்டில் பலகை இல்லாவிட்டால் ஒரு காகிதத்தில் 14 வட்டம் போட்டுப் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். போட்ட வட்டத்தில் தேதி எழுதுங்கள். மேடு உள்ள இடம் ஏதாவது பலகையில் விழுந்தால் அந்த வட்டத்தை அடித்துவிடுங்கள். ஒல்லியானவர்களுக்குப் பத்து இடம்தான் தேறும் என்றால் பத்து போதும், ஓர் இடத்துக்கு 30 நாள் கழித்துத்தான் மறுபடி முறை வரும். எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம்.

இடம் மாறினால் வேகமும் கொஞ்சம் மாறும். வயிற்றில் இன்சுலின் சீக்கிரம் ஏறும், தொடையிலும் புட்டத்திலும் மெதுவாக. வேக இன்சுலின்களில் இந்த வித்தியாசம் பழைய இன்சுலின்கள் அளவுக்கு இல்லை. இருந்தாலும் எனக்குப் புட்டத்தில் இருக்கும்போது போலஸை ஐந்து பத்து நிமிடம் முன்னதாகக் கொடுத்தால்தான் சாப்பாட்டுக்குப் பிந்திய சுகர் அடங்குகிறது. தொடையில் இருக்கும் நாளில் சைக்கிள் மிதித்தாலோ வேகமாக நடந்தாலோ இன்சுலின் விறுவிறுவென்று ஏறும். அந்த நாளில் லோ ஆகப் பார்க்கும்.

தள்ளிவைக்க வேண்டிய இடங்கள்

தழும்பு, மச்சம், பிரசவக் கோடு, ஆபரேஷன் தையல், இவை எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். நம் உடைகளையும் கவனிக்க வேண்டும். பாவாடை நாடா இறுகும் கோடு, வேட்டி முடிச்சு, பேன்ட் பெல்ட், சுடிதார் எலாஸ்டிக், இவற்றின் கீழே ஒரு விரலும் மேலே ஒரு விரலும் விலக்கு. நாடா உரசி உரசிக் கேனுலா மடங்கிவிடும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வயிற்றின் மடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள், அதுவும் விலக்கு. நின்றுகொண்டே இடம் குறித்தால் இது தெரியாது. ஒருக்களித்துப் படுக்கிறவர்கள் எந்தப் பக்கம் படுப்போம் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செட் மாற்றும் காலை

காலையில், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மாற்றுவதுதான் நல்லது. அடுத்து வரும் போலஸ் கேனுலா வழியாக நன்றாக ஓடும். தவறு இருந்தால் விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும். தூங்கப் போகும் முன் மாற்றவே கூடாது.

மெல்லிய பிளாஸ்டிக் கேனுலா என்றால் இரண்டு மூன்று நாள், ஸ்டீல் ஊசி என்றால் அதிகபட்சம் இரண்டு நாள். செட்டின் விலையைப் பார்த்து ஐந்து நாள் இழுக்கிறவர்களை எனக்குத் தெரியும். நானும் மாதக் கடைசியில் இழுத்திருக்கிறேன். நான்காம் நாள் சுகர் ஏறி, அதற்குக் கொட்டும் கூடுதல் இன்சுலினையும், மேடாகிப் போகும் தோலையும் கணக்குப் போட்டால் அது சேமிப்பில்லை.

பிரிட்ஜிலிருந்து இன்சுலினை ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வையுங்கள். குளிர்ந்த இன்சுலினில் காற்றுக் குமிழி வரும். குமிழி போகிற நேரத்தில் உடம்புக்கு இன்சுலின் போவதில்லை. குப்பியில் 'மி.லி.க்கு 100 யூனிட்' என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் 40 யூனிட் குப்பியும் பக்கத்திலேயே இருக்கும். அது பம்புக்கு ஆகாது.

குளித்து, அந்த இடத்தை உலரத் துடைத்து, பவுடர், எண்ணெய், லோஷன் எதுவும் தடவாமல் வாருங்கள். கை கழுவுங்கள். ஸ்பிரிட் துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்துத் தானாகக் காயவிடுங்கள். ஊதக் கூடாது. ஈரம் இருக்கும்போது குத்தினால் எரியும், பசையும் பிடிக்காது.

ரிசர்வாயரை (பம்புக்குள் இன்சுலின் நிற்கும் குப்பியை) நிரப்பி, குமிழியைத் தட்டி வெளியேற்றி, ட்யூப் நுனியில் சொட்டு தெரியும்வரை ஓடவிடுங்கள். இந்த நேரத்தில் ட்யூப் உடம்போடு இணைந்திருக்கவே கூடாது. ட்யூப்புக்குள் நிற்கும் இன்சுலினே பத்து யூனிட்டுக்கு மேலும் இருக்கலாம். அது மொத்தமாக உள்ளே போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சொட்டு வந்த பிறகுதான் செட்டைக் குத்த வேண்டும். ஊசியை உருவியதும் காலியாக இருக்கும் கேனுலாவை நிரப்ப பம்ப் கேட்கும். 6 மி.மீ. கேனுலாவுக்கு 0.3 யூனிட், 9 மி.மீ.க்கு 0.5 என்பது பரவலாக உள்ள அளவு. உங்கள் செட் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் ஊசிக்கு இது தேவையில்லை.

பழைய செட்டை நான் உடனே எடுப்பதில்லை. புதியது வேலை செய்கிறதென்று தெரியும்வரை ஓரிரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுவேன். எடுக்கும்போது பசையின் ஓரத்தில் நான்கு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் தோல் உரியாமல் வந்துவிடும். எடுத்த கேனுலாவைப் பாருங்கள்: நேராக இருக்கிறதா, மடங்கியிருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா? துளையைச் சுற்றிச் சிவப்பு உண்டா? ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். குப்பை எடுக்கிறவர் கையில் குத்தக் கூடாது.

மாற்றிய பிறகு, சுகர் இறங்க மறுத்தால்

ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் சுகர் பாருங்கள். காரணமில்லாமல் 250-க்கு மேல் இருந்தால் பம்பில் ஒரு முறை திருத்த போலஸ் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லையென்றால் இரண்டாவது போலஸைப் பம்பில் கொடுக்க வேண்டாம். பேனாவிலோ சிரிஞ்சிலோ ஊசியாகப் போட்டுவிட்டு, செட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி உள்ளதாக இருக்க வேண்டும், அதுதான் 100 யூனிட் இன்சுலினுக்கு. சிவப்பு மூடி 40 யூனிட் குப்பிக்கானது. மாறினால் அளவே தலைகீழாகும். கீட்டோனும் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பாருங்கள். இன்சுலின் நின்றுபோன நான்கைந்து மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் செட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் நேராக ஆஸ்பத்திரி.

இடம் சிவந்து, சூடாகி, வலியோடு வீங்கினால் மூன்று நாள் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே எடுத்துவிட்டுத் தள்ளி வேறு பக்கம் போடுங்கள். சீழ் வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் ஏதோ ஒரு களிம்பைத் தடவிச் சமாளிக்காதீர்கள்.

வியர்வையும் எண்ணெய்க் குளியலும்

சித்திரை, வைகாசியில் செட் நழுவுவது தனிக் கதை. செட்டுக்கு மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய ஒட்டுப்படலம் ஒன்றை ஒட்டினால் தாங்கும், உள்ளே சிவப்பு தெரிந்தால் கண்ணிலும் படும். அதுவும் அரித்தால் முதலில் தோலில் படலத்தை ஒட்டி, அதன் மேல் செட்டைக் குத்திப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் அரிப்பு நின்றது.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் அந்த நாளையே செட் மாற்றும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய செட்டோடு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்து முடித்து, புதிய இடத்தை மட்டும் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிவிட்டுப் புதியதைப் போடலாம். தீபாவளிக்கு முந்தின நாள் புதுச் செட் போட்டுவிட்டு, விடிகாலையில் அது கையோடு வந்த அனுபவம் எனக்கு உண்டு. வெந்நீரில் இன்சுலின் வேகமாக ஏறும் என்பதால் குளித்த பிறகு ஒரு தடவை சுகர் பார்ப்பதும் நல்லது.

குழந்தைகளுக்கு

சின்னப் பிள்ளைகளுக்குப் புட்டம்தான் முதல் தேர்வு. கை எட்டாது, பிடுங்காது, கொழுப்பும் கொஞ்சம் இருக்கும். ஒல்லியான பிள்ளைக்கு எந்த நீளக் கேனுலா, சாய்வாகக் குத்தும் செட் வேண்டுமா என்பதைப் பயிற்சி தருபவரிடமே முடிவு செய்யுங்கள். வலிக்குப் பயப்படும் குழந்தைக்கு மரத்துப்போகச் செய்யும் கிரீமை டாக்டரிடம் கேட்டு ஒரு மணி நேரம் முன்பே தடவலாம். குத்துவதற்கு முன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். பலகையில் அடுத்த குழியைப் பிள்ளையே தொட்டுக் காட்டட்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வயிற்றுத் தோல் இழுபட்டு நிற்கும், அப்போது பலகையை இடுப்பின் பக்கவாட்டுக்கும் புட்டத்துக்கும் தள்ளிவிட வேண்டியதுதான்.

நோட்டில் எழுதுவது

நான் எழுதுவது நான்கே விஷயம்: தேதி, குழி எண், மூன்றாம் நாள் மாலைச் சுகர், எடுக்கும்போது தோல் எப்படி. ஒரு வரி உதாரணம்: "வியாழன், வலம் 6, மூன்றாம் நாள் 165, சுத்தம்." இரண்டு சுற்று முடிந்தால் உங்கள் உடம்பின் வழக்கம் தெரிந்துவிடும். எனக்கு இடது தொடையில் மட்டும் மூன்றாம் நாள் சுகர் எப்போதும் 220-ஐத் தாண்டியது. நான்கு சுற்று பார்த்துவிட்டு, அந்த ஒரு குழிக்கு மட்டும் இரண்டு நாள் என்று பீரோக் கதவில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.